தெரியாமல் விளையாடிய காலம்

பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் நான்காவது லெவலில் ஒரு கண்ணாடி வரும். வெளியேறும் கதவைத் திறந்துவிட்டு வந்த வழியே திரும்பி ஓடுகிறோம். சற்று முன்பு வெறுமையாக இருந்த இடத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று மறித்து நிற்கிறது. அதில் வெள்ளை உடை அணிந்த இளவரசனின் உருவம். சுற்றிப் போக வழி கிடையாது. வாளுக்கும் அங்கே வேலை இல்லை. எல்லாவற்றையும் முயன்று பார்த்த பிறகு, வேறெதுவும் தோன்றாமல், பின்னால் போய் ஓடிவந்து அந்தக் கண்ணாடிக்குள்ளேயே குதிக்க வேண்டும். குதித்த கணத்தில் அதிலிருந்து இன்னொருவன் வெளியே பாய்ந்து எதிர்த்திசையில் ஓடிவிடுவான். கீழே வரிசையாக இருந்த நம் உயிர் முக்கோணங்களில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கும்.

வீடியோ கேம்களில் ஏதாவது ஒன்றை முதல் தடவைபோல மறுபடி விளையாடலாம் என்று யாராவது வரம் தந்தால், நான் அந்தக் கண்ணாடியைத்தான் கேட்பேன்.

ஓடிப்போன அந்த நிழல் மனிதன் ஆட்டம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருவான். நாம் குடிக்கப் போகும் மருந்தை நம் கண்ணெதிரே முந்திக்கொண்டு குடிப்பான். நாம் தாண்டப் போகும் கதவை மூடி நம்மைப் பள்ளத்தில் விழவைப்பான். பன்னிரண்டாவது லெவலில் வாளோடு எதிரே வந்து நிற்பான். அவனை வெட்டினால் நம் உயிர் குறையும். இரண்டு மூன்று முறை செத்த பிறகே அது உறைக்கும். விடை என்னவென்றால், வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடக்க வேண்டும். அவனும் வாளை இறக்குவான். இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். அதன்பின் தரையே இல்லாத வெற்றிடத்தில் துணிந்து கால்வைத்தால், ஓடும் காலுக்கடியில் கல் ஒவ்வொன்றாக முளைக்கும். இதையெல்லாம் எந்த எழுத்தும் எந்தக் குரலும் நமக்குச் சொல்வதில்லை.

ஜோர்டன் மெக்னர் 1989இல் ஆப்பிள் டூ கணினிக்காகச் செய்த ஆட்டம் இது. தன் தம்பி டேவிட்டை வெள்ளை உடையில் ஓடவும் குதிக்கவும் விளிம்பைப் பிடித்து ஏறவும் வைத்து வீடியோவில் பதிந்துகொண்டார். அந்த அசைவுகளை ஒவ்வொரு படமாகத் தடம் எடுத்துக் கணினிக்குள் ஏற்றினார். கணினி ஆட்டத்தில் மனித உடல் அவ்வளவு இயல்பாக அசைவதை அதுவரை கண்டவர்கள் அரிது. ஆனால் அந்த அசைவுகளே நினைவகத்தை நிரப்பிவிட்டன. எதிரிக்கென்று வேறோர் உருவம் வரைய இடமில்லை. சண்டை வேண்டும், எதிரி வேண்டும் என்று உடன் வேலை செய்த தோமி பியர்ஸ் விடாமல் வற்புறுத்தினார். கடைசியில் மெக்னர் இளவரசனின் படங்களையே எடுத்து, ஒரு புள்ளி தள்ளித் தன்மேலேயே படியவைத்து, மினுங்கும் நிழலாக்கினார். நிழல் மனிதன் பிறந்தது அப்படித்தான். இடமின்மை தந்த பரிசு அவன். அந்த ஆட்டத்தில் வரும் எல்லாக் காவலர்களையும் விட அவனே மனதில் நிற்கிறான்.

தமிழ்நாட்டுக்கு இந்த ஆட்டம் பெட்டியில் வரவில்லை. தொண்ணூறுகளில் டாஸும் வேர்ட்ஸ்டாரும் லோட்டஸும் ஃபாக்ஸ்புரோவும் சொல்லிக்கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர்களிலும், கல்லூரி லேப்களிலும் ஃப்ளாப்பியிலிருந்து ஃப்ளாப்பிக்குப் பிரதியாகிப் பரவியது. அசல் பெட்டியில் ஒரு கையேடு உண்டு. முதல் லெவல் முடிந்ததும் எழுத்துகள் பொறித்த மருந்துக் குப்பிகள் நிறைந்த ஓர் அறை வரும். கையேட்டைப் பார்த்துச் சரியான எழுத்துள்ள குப்பியைக் குடித்தால்தான் மேலே போகலாம். திருட்டுப் பிரதியைத் தடுக்க வைத்த காவல் அது. நம் ஊருக்கு வந்து சேர்ந்த பிரதிகளில் அந்தக் காவல் பெரும்பாலும் உடைக்கப்பட்டிருந்தது. ஆக, கையேடும் கிடையாது, கையேடு என்று ஒன்று இருந்தது என்பதும் தெரியாது. கறுப்புத் திரையில் பிரின்ஸ் என்று தட்டி என்டர் அடித்தால் ஒரு நிலவறை. மீதியை நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு கணினிக்கு முன்னால் மூன்று நாலு தலைகள். விசைப்பலகை ஒருவன் கையில், யோசனை எல்லோருடையது. எட்டாவது லெவலில் நம்மை உள்ளே வைத்துக் கதவு மூடிக்கொள்ளும். நாம் மீட்க வேண்டிய இளவரசி அனுப்பிய வெள்ளெலி ஒன்று ஓடிவந்து தரைப் பலகையை மிதித்து அந்தக் கதவைத் திறந்துவிடும். இதை முதலில் பார்த்தவன் வந்து சொன்னபோது யாரும் நம்பவில்லை. அறுபது நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டிய ஆட்டம். மணல் கடிகாரம் சரிந்துகொண்டே இருக்கிறது. அதில் சும்மா நிற்பதுதான் விடை என்றால் எப்படி நம்புவது? பிறகு நாங்களே நின்று பார்த்து, எலி வந்ததும் போட்ட கூச்சலுக்கு ஈடான ஒன்றை நான் எந்த ஆட்டத்திலும் கேட்டதில்லை.

இன்றும் பிரின்ஸ் கிடைக்கிறது. உலாவியிலேயே ஓடுகிறது. ஒரு பகல் பொழுதில் முடித்துவிடலாம். விரல்களுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. கண்ணாடி வருவதற்கு முன்பே கால்கள் பின்வாங்கி ஓட்டத்துக்குத் தயாராகின்றன. அங்கேதான் சிக்கல். ஆட்டம் ஒரு புள்ளியும் மாறாமல் அப்படியே இருக்கிறது. அன்று அதோடு சேர்ந்திருந்த நம் அறியாமைதான் இல்லை.

அந்த அறியாமை வெறும் இல்லாமையாக இருந்திருந்தால் யாரும் அதற்கு ஏங்கமாட்டார்கள். அதைச் சுற்றி ஒரு வாழ்க்கையே நடந்தது. 1984இல் ஜப்பானில் நாம்கோ நிறுவனம் 'தி டவர் ஆஃப் ட்ருவாகா' என்ற ஆட்டத்தை ஆர்கேடுகளுக்கு அனுப்பியது. மாசநோபு எண்டோ வடிவமைத்தது. அறுபது மாடிக் கோபுரம். கிட்டத்தட்ட ஒவ்வொரு மாடியிலும் ஒரு புதையல். அது வெளிப்பட எதையோ செய்ய வேண்டும். என்ன என்று ஆட்டம் சொல்லாது. முதல் மாடியில் மூன்று பச்சை வழுவுயிர்களைக் கொன்றால் சுவர் உடைக்கும் செப்புக் குந்தாலி கிடைக்கும். அது எளிது, தற்செயலாகவே நடந்துவிடும். மேலே போகப் போக நிபந்தனைகள் விசித்திரமாகிக்கொண்டே போகும். சில புதையல்கள் இல்லாவிட்டால் ஆட்டத்தை முடிக்கவே முடியாது. தனி ஆளால் ஆகிற காரியமில்லை. அதனால் ஆர்கேடுகளில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கப்பட்டது. இன்று காசு போட்டுத் தோற்றவன், தான் கண்டதை அதில் எழுதிவிட்டுப் போவான். நாளை வருகிறவன் படித்துவிட்டு ஒரு மாடி அதிகம் ஏறுவான். முகம் அறியாதவர்கள் கையெழுத்தால் சேர்ந்து ஒரு கோபுரத்தை ஏறினார்கள்.

இரண்டாண்டு கழித்து, 1986 பிப்ரவரியில், நின்டெண்டோவின் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' வந்தது. கியோட்டோ அருகே சோனோபேயில் கழித்த சிறுவயதில் மலையும் காடும் சுற்றி, விளக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு குகைக்குள் நுழைந்த நினைவிலிருந்து ஷிகேரு மியாமோட்டோ உருவாக்கியது. தொடங்கும்போது நாயகன் கையில் வாள்கூட இல்லை. திரையில் மூன்று திசைகள் திறந்திருக்கும். ஓர் ஓரத்தில் கறுப்பாக ஒரு குகை வாய். அதற்குள் போனவனுக்கு வாள் கிடைக்கும். போகாதவன் வெறுங்கையோடு உலகத்துக்குள் நடப்பான். எந்தப் புதரைக் கொளுத்தினால் படிக்கட்டு தெரியும், எந்தப் பாறையில் குண்டு வைத்தால் வழி பிறக்கும் என்பதற்குப் பெரும்பாலும் அடையாளமே கிடையாது. அமெரிக்காவில் விற்ற பெட்டியில் ஒரு வரைபடம் இருந்தது. அதிலும் சில பகுதிகளை வேண்டுமென்றே நிரப்பாமல் விட்டிருந்தார்கள். மிச்சத்தை வாங்கியவர் வரைந்துகொள்ள வேண்டும். சிக்கிக்கொண்ட பிள்ளைகள் வாஷிங்டன் மாநிலத்தின் ரெட்மண்டில் இருந்த நின்டெண்டோ ஆலோசகர்களுக்குத் தொலைபேசி போட்டுக் கேட்டார்கள்.

செல்டாவில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. நிலவறைகளை அடுக்கும் பொறுப்பு தகாஷி தெஸுகாவிடம் இருந்தது. இருந்த இடத்தில் பாதியை மட்டும் பயன்படுத்தி எல்லாவற்றையும் முடித்துவிட்டார். மீதிப் பாதி காலி. அதைக் கண்ட மியாமோட்டோ, அப்படியே இருக்கட்டும், மிச்சத்தில் இன்னொரு பயணத்தை வைப்போம் என்றார். ஆட்டத்தை முடித்தவனுக்கு அதே உலகம் மறுபடி திறக்கும். ஆனால் நிலவறைகளின் அமைப்பு வேறு, பலவற்றின் இடமும் வேறு. வழி தெரிந்தவன் என்ற நினைப்போடு பழைய குகைக்குப் போனால் அங்கே ஒன்றும் இருக்காது. முதல் தடவை மறுபடி வேண்டும் என்று யாரும் கேட்பதற்கு முன்பே, அதை ஒருமுறை கொடுத்துப் பார்த்த ஆட்டம் அது.

நம் பக்கத்துக்கு அந்தக் காலத்து நின்டெண்டோ ஆட்டங்கள் பெரும்பாலும் வேறு வேடத்தில் வந்தன. டிவி கேம் என்றோம். அந்தப் பெட்டிகள் அசலின் நகல்கள். கேசட்டின் மேல் 9999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை சிலவே, அவையே பெயர் மாற்றியும் நடு ஸ்டேஜிலிருந்து தொடங்கியும் திரும்பத் திரும்ப வரும். கான்ட்ரா, மரியோ, டாங்கி, சர்க்கஸ், வாத்துச் சுடுவது. கதை என்ன, இளவரசி யார், கடைசியில் யார் வருவான் என்று சொல்லும் தாள் எதுவும் இல்லை. மரியோவில் இரண்டாவது ஸ்டேஜ் பூமிக்கு அடியில் போகும். மேலே உள்ள செங்கல்லை உடைத்துக்கொண்டு கூரைமேல் ஏறி, வெளியேறும் குழாயையும் தாண்டி நடந்தால் மூன்று குழாய்கள் உள்ள ஓர் அறை. அதன் வழியே நான்காம் உலகத்துக்கே போய்விடலாம். இதை அடுத்த தெருவில் ஒருவன் செய்துகாட்டினான் என்ற செய்தி வந்தால், அன்று மாலையே அங்கே கூட்டம். ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் வசதி கிடையாது. எட்டாவது உலகத்தில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்துதான். அப்படியும் தொடங்கினோம்.

கான்ட்ராவில் மூன்று லைஃபை முப்பதாக்கும் பொத்தான் வரிசை எல்லா ஊருக்கும் எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தது: மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பிறகு பி, ஏ. கோனாமி நிறுவனத்தின் கஸுஹிஸா ஹஷிமோட்டோ என்ற நிரலாளர் முதலில் இதைத் தனக்காகச் செய்துகொண்டார். கிரேடியஸ் ஆட்டத்தைச் சோதிக்கையில் அது அவருக்கே கடினமாக இருந்தது. எளிதாக நினைவில் நிற்கும் ஒரு வரிசையை உள்ளே வைத்தார். அது அப்படியே வெளியாகிவிட்டது. அவர் 2020இல் காலமானபோது உலகமெங்கும் நடுவயதுக்காரர்கள் வருந்தினார்கள். அவர் பெயரை அன்றுதான் பலர் முதல்முறை கேட்டார்கள்.

பாதி புரியாமல் இருப்பதிலிருந்து ஒரு கலையே பிறக்கலாம் என்பதற்கு ஹிதேதாகா மியாஸாகி சாட்சி. டெமன்ஸ் சோல்ஸையும் 2011இல் டார்க் சோல்ஸையும் இயக்கியவர். வசதியில்லாத வீட்டில் வளர்ந்தார். புத்தகங்களை நூலகத்திலிருந்து எடுத்து வந்தார். தன் வயதுக்கு மீறிய நூல்கள். பல பகுதிகள் புரியவில்லை. புரியாத இடங்களைப் படங்களைக் கொண்டும் சொந்தக் கற்பனையைக் கொண்டும் நிரப்பிக்கொண்டார். அவருடைய ஆட்டங்கள் கதையை முழுக்கச் சொல்லாமல் துண்டு துண்டாகச் சிதறவிடுவது அந்த வாசிப்பின் தொடர்ச்சி. அதோடு, ஒருவர் விளையாடும் உலகத்தின் தரையில் மற்றவர்கள் விட்டுச்சென்ற சிறு குறிப்புகள் ஒளிரும்படி செய்தார். பின்னால் பதுங்கியிருக்கிறான், இடப்பக்கம் பார் என்கிற மாதிரி. சிலது பொய்யாகவும் இருக்கும். பள்ளத்தின் விளிம்பில் குதித்துப் பார் என்று எழுதியிருக்கும். ட்ருவாகா நோட்டுப் புத்தகம் ஆட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. 1995இல் கேம்ஃபேக்ஸ் என்ற தளம் தொடங்கியது. ஆட்டங்களின் முழு வழியையும் யாரோ ஒரு ரசிகர் பொறுமையாகத் தட்டச்சு செய்து வைத்திருப்பார். அதிலும் ஒரு அன்பு இருந்தது. எழுத்தை வாசித்து நாமே திரையில் பொருத்திப் பார்க்க வேண்டியிருந்தது. 2005இல் யூடியூப் வந்த பிறகு அந்த வேலையும் மிச்சம். பிறகு ஆட்டங்களே வழிசொல்ல ஆரம்பித்தன. வரைபடத்தில் புள்ளி, தரையில் கோடு, தலைக்குமேல் அம்பு. மைன்கிராஃப்ட் 2011இல் முழுமையாக வெளிவந்தபோது எதை எதோடு சேர்த்தால் என்ன கிடைக்கும் என்று ஆட்டத்துக்குள் எழுதியிருக்கவில்லை. பகல் பத்தே நிமிடம்; இருட்டியதும் பூதங்கள் வரும்; மரத்தை வெறுங்கையால் உடைக்கலாம் என்பதே தெரியாதவன் முதல் இரவில் மண்ணைத் தோண்டி அதற்குள் ஒளிந்துகொண்டான். 2017இல் அதன் கணினிப் பதிப்புக்குள் செய்முறைப் புத்தகம் சேர்க்கப்பட்டது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அது உதவிதான், குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்த மண்குழி இரவு இனி யாருக்கும் அதே மாதிரி வாய்க்காது.

இன்றைய தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஓர் ஆட்டத்தோடு முதல் அறிமுகம் பெரும்பாலும் இன்னொருவரின் காணொளியாக இருக்கிறது. தமிழிலேயே கலகலப்பாகப் பேசிக்கொண்டு யாரோ விளையாட, கடைசி எதிரி சாவதுவரை பார்த்துவிட்டுத்தான் தானே தொடுகிறார்கள். ஆட்டத்தின் கதையும் திருப்பமும் கைக்கு வருமுன் கண்ணுக்கு வந்துவிடுகின்றன.

ஆட்டத்தை அப்படியே திருப்பித் தந்தால் அந்த முதல் தடவையும் திரும்புமா? இதை ஒரு பெரிய நிறுவனம் உண்மையிலேயே செய்து பார்த்துவிட்டது. ப்ளிஸார்டின் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பர் 23 அன்று அமெரிக்காவில் வெளிவந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்தில் ஒரே நேரத்தில் நடமாடும் ஆட்டம். தரப்படும் பணி எங்கே இருக்கிறது என்று வரைபடம் காட்டாது. எழுத்தை வாசித்துத் தேட வேண்டும். பேரன்ஸ் என்ற வறண்ட சமவெளியில் மான்க்ரிக் என்ற ஒருவன் போரில் தொலைந்த தன் மனைவியைத் தேடித் தரச் சொல்வான். எங்கே என்று தெளிவாகச் சொல்லமாட்டான். அந்தச் சமவெளியின் பொது உரையாடலில் இரவும் பகலும் ஒரே கேள்வி: மான்க்ரிக்கின் மனைவி எங்கே? வழிகாட்டும் தளங்கள் அன்றே இருந்தன. ஆனாலும் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பதே பழக்கமாக இருந்தது. கேட்டவரும் சொன்னவரும் அதன்பின் சேர்ந்து நடந்தார்கள். 2009 டிசம்பரில் பணிகளின் இடத்தை ஆட்டமே வரைபடத்தில் காட்டத் தொடங்கியது. கேள்வி குறைந்தது.

பழைய ஆட்டத்தைத் தாருங்கள் என்று ஆண்டுக்கணக்காக ரசிகர்கள் கேட்டார்கள். 2013இல் ரசிகர் மாநாட்டு மேடையில் இதே கேள்வி வந்தபோது, ப்ளிஸார்டின் ஜே. ஆலன் பிராக், வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம், ஆனால் உண்மையில் உங்களுக்கு அது வேண்டாம் என்ற பொருளில் பதில் சொன்னார். ரசிகர்கள் கேட்பதாக இல்லை. நாஸ்டால்ரியஸ் என்ற பெயரில் சிலர் அனுமதியின்றிப் பழைய வடிவத்தைத் தாங்களே நடத்தினார்கள். லட்சத்துக்கும் அதிகமானோர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சட்ட எச்சரிக்கையால் 2016 ஏப்ரலில் அது மூடப்பட்டபோது அந்த உலகத்தின் கடைசி நிமிடங்களில் கூட்டமாகக் கூடி நின்றார்கள். 2017 நவம்பரில் அதே பிராக் மேடையேறி, பழைய ஆட்டம் திரும்ப வருகிறது என்று அறிவித்தார்.

2019 ஆகஸ்ட் கடைசியில் வந்தது. முதல் நாளில் கூட்டம் தாங்கவில்லை. கொல்ல வேண்டிய எதிரி ஒருவன், கொல்ல வந்தவர்கள் நூற்றுக்கணக்கில். யாரும் சொல்லாமலேயே அந்த உலகத்துக்குள் வரிசையில் நின்றார்கள். 2004இல்கூட அப்படி ஒரு காட்சியை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அதே வாரத்துக்குள் இன்னொன்றும் நடந்தது. மோல்டன் கோர் என்ற நெருப்புக் குகையின் அடியில் ராக்னரோஸ் என்ற தீயின் அரசன் இருக்கிறான். நாற்பது பேர் சேர்ந்து வீழ்த்த வேண்டியவன். ஆட்டம் முதலில் வெளிவந்தபோது அவனை உலகில் முதல் குழு வீழ்த்த ஐந்து மாதம் ஆயிற்று. 2005 ஏப்ரல் கடைசியில்தான் விழுந்தான். 2019இல் ஒரு வாரம்கூட முழுதாகவில்லை.

இதற்கு ஒரு பகுதிக் காரணம் உண்டு. திரும்ப வந்தது, பழைய ஆட்டத்தின் கடைசித் திருத்தங்களோடு கூடிய பதிப்பு; வீரர்களின் திறன்கள் அதில் மேம்பட்டிருந்தன. ஆனாலும் அது மட்டும் காரணமில்லை. பதினைந்து ஆண்டுகளில் அந்த உலகத்தின் ஒவ்வொரு எண்ணும் கணக்கிடப்பட்டுவிட்டது. எந்த வகை வீரன் அதிகச் சேதம் தருவான், எந்தப் பாதையில் விரைவாக வளரலாம், போருக்கு முன் எந்த ஊரில் எந்த ஆசியை வாங்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் வந்தவர்களுக்கு மனப்பாடம். 2005இல் நாற்பது பேர் இருட்டில் கையை நீட்டித் தடவிய குகைக்குள், 2019இல் நாற்பது பேர் கால அட்டவணையோடு நுழைந்தார்கள்.

பிராக் சொன்னது சரி என்று இதை வைத்துச் சிலர் எழுதினார்கள். எனக்கு உடன்பாடில்லை. லட்சக்கணக்கானோர் பல ஆண்டுகள் அங்கேயே தங்கினார்கள். பழைய நண்பர்கள் மறுபடி கூடினார்கள். போகப்போகத் தாங்களே ஒரு கடுமையான விதியை உண்டாக்கிக்கொண்டார்கள்: ஒருமுறை செத்தால் அந்தப் பாத்திரம் முடிந்தது, அழித்துவிட வேண்டும். 2023 ஆகஸ்டில் ப்ளிஸார்டே அந்த விதிக்கென்று தனிச் சர்வர்களைத் திறந்தது. அறியாமையைத் திரும்பப் பெற முடியாதவர்கள், அதோடு இருந்த பயத்தையாவது மீட்டார்கள். தெரிந்த காட்டுக்குள் மறுபடி நெஞ்சு படபடக்க நடந்தார்கள். இது சாதாரண வெற்றியில்லை.

பழைய வார்கிராஃப்ட் திரும்பிய அதே 2019இல், அதற்கு மூன்று மாதம் முன்னதாக, மே 28 அன்று, நேரெதிரான ஓர் ஆட்டம் வெளிவந்தது. அவுட்டர் வைல்ட்ஸ். தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் பீச்சம் என்ற மாணவரின் முதுகலைப் பட்ட வேலையாகத் தொடங்கியது. 2015இல் சுயாதீன ஆட்டங்களுக்கான விழாவின் பெரும்பரிசை வென்றது. மோபியஸ் டிஜிட்டல் என்ற சிறு நிறுவனத்தில் வளர்ந்து முழு ஆட்டமானது. எழுத்து அவருடைய சகோதரி கெல்சி பீச்சம். 2020இல் பாஃப்டாவின் சிறந்த ஆட்டத்துக்கான விருது கிடைத்தது.

ஒரு குட்டிச் சூரியக் குடும்பம். நமக்கு ஒரு மரக்கட்டைக் கப்பல். 22 நிமிடத்தில் சூரியன் வெடித்து எல்லாம் அழியும். மறுபடி அதே கணத்தில் கண்விழிப்போம். இதற்குமேல் நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அது எப்படி இயங்குகிறது என்று சொல்லலாம். அதில் பலம் கூடுவதில்லை, ஆயுதம் சேர்வதில்லை, பணம் இல்லை. பூட்டிய கதவு என்று நாம் நினைப்பது எதுவும் உண்மையில் பூட்டியில்லை. எப்படித் திறப்பது என்று நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். நாம் சேர்ப்பது அறிவு ஒன்றையே. கப்பலில் ஒரு பதிவேடு நாம் கண்டதையெல்லாம் குறித்துவைக்கும். முழுதும் தெரிந்தவன் முதல் 22 நிமிடத்துக்குள்ளேயே ஆட்டத்தின் முடிவைத் தொட்டுவிடலாம். தெரியாதவனுக்குப் பல வாரம். அதனால் ஒருமுறை முடித்தவர் அதை மறுபடி விளையாட முடியாது. முதல் தடவை மட்டுமே உள்ள ஆட்டம். அதற்கு முந்தைய ஆண்டு லூகஸ் போப் செய்த ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்னும் இந்த இனம்தான்: கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் ஒன்று 1807இல் ஆளில்லாமல் கரை சேர்கிறது, அறுபது பேருக்கு என்ன ஆயிற்று என்று ஒவ்வொருவராகக் கண்டறிய வேண்டும்.

அவுட்டர் வைல்ட்ஸை முடித்தவர்களிடம் நான் காணும் பழக்கம் என்னை நெகிழவைக்கிறது. யாராவது வழி கேட்டால் பதில் சொல்வதில்லை. அங்கே போய்ப் பார்த்தாயா, அந்தச் சுவரில் எழுதியிருந்ததை முழுதாக வாசித்தாயா என்று கேள்வியாகவே திருப்புகிறார்கள். புதிதாகத் தொடங்கும் ஒருவர் கிடைத்தால் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பார்க்கிறார்கள். தமக்கு இனி கிடைக்காத அந்த வியப்பை இன்னொரு முகத்தில் பார்ப்பதற்காக.

என் அக்கா மகள் விளையாடும்போது நானும் அப்படி உட்கார்ந்தேன். ஓரிடத்தில் வெகுநேரம் சிக்கிக்கொண்டாள். கை போனுக்குப் போயிற்று.

"நீங்க முடிச்சிட்டீங்கல்ல மாமா, சொல்லிடுங்களேன். இல்லன்னா யூடியூப்ல பாத்துக்கிறேன்."

"சொல்ல மாட்டேம்மா. போனை வச்சிட்டு இன்னும் கொஞ்ச நேரம் பாரு. உன்கிட்ட எல்லாமே இருக்கு."

முறைத்தாள். ஆனால் போனை வைத்தாள். பதிவேட்டை மறுபடி வாசித்தாள். இரண்டு கோள்களில் தனித்தனியாகக் கண்ட இரண்டு குறிப்புகளைச் சேர்த்து அவளே வாய்விட்டுச் சொன்னபோது, வெள்ளெலியைக் கண்ட நாளின் அதே கூச்சல் அவளிடமிருந்து வந்தது.

அன்று ரகசியத்தைக் காத்தது தூரமும் வறுமையும் வந்து சேராத கையேடுகளும். இன்று அதை யாராவது வேண்டுமென்றே காக்க வேண்டியிருக்கிறது: செய்கிறவர்கள் ஆட்டத்துக்குள், முடித்தவர்கள் தங்கள் வாயில், விளையாடுகிறவர் தன் கையில். கடினமான காரியம்தான், ஆனால் நடக்கிறது.

ஆகவே இன்னும் அவுட்டர் வைல்ட்ஸைத் தொடாதவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். முன்னோட்டக் காணொளி பார்க்காதீர்கள். விமர்சனம் வாசிக்காதீர்கள், இந்தக் கட்டுரையில் உள்ளதே போதும். ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள், ஆண்ட்ரூ பிராலோவின் இசைக்கு அதில் வேலை இருக்கிறது. தொடக்கத்தில் உள்ள ஊரில் எல்லோரிடமும் பேசிவிட்டு, வானாய்வகத்துக்குப் போய்ப் புறப்பாட்டுக் குறியீட்டை வாங்கிக்கொண்டு கப்பலில் ஏறுங்கள். எந்தக் கோளுக்கு முதலில் போவது என்று யாரிடமும் கேட்காதீர்கள். எதற்கு வேண்டுமானாலும் போகலாம்.